மீ கோரெங்கும் மலைப்பூண்டும்

இந்தோனேசியாவின் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கில் எனக்குப் பிடித்தது, நூடுல்ஸ் விழுவதற்கு முந்தைய நொடி: காய்ந்த இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகாயும் வதங்கும் மணம். அதற்குக் கொடைக்கானல் மலைப்பூண்டை மிஞ்ச வேறு பூண்டு இல்லை என்பேன். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவது. காரமும் வாசனையும் தூக்கல். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

பிறகு மலைக் கேரட், முட்டைக்கோஸ், முட்டை, வெல்லம் கலந்த இனிப்பு சோயா சாஸான கெச்சாப் மானிஸ். மலேசியாவின் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் உருளைக்கிழங்கும் சேர்த்து மீ கோரெங்கைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

சத்தென்று பார்த்தால், கோதுமை நூடுல்ஸில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். ஒரு முட்டை சுமார் 6 கிராம் புரதம் தரும். கேரட்டின் பீட்டா கரோட்டின் எண்ணெயோடு சேர்ந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். ஆகவே காயை அள்ளிப் போடுங்கள். சாஸிலேயே உப்பு ஏராளம்; தனியாகச் சேர்க்க வேண்டாம்.