சாய்னாவின் வலது முழங்கால்

பேட்மிண்டன் ஆடுபவரின் இரண்டு முழங்கால்களும் ஒரே அளவு தேய்வதில்லை. வலது கைக்காரர் வலையோரம் விழும் டிராப்பை எடுக்க வலது காலைத்தான் எட்டி ஊன்றுவார். குதிகால் தரையில் பதியும், முழங்கால் மடங்கும், ஓடிவந்த வேகம் முழுவதும் அந்த ஒரு மூட்டில் வந்து இறங்கும். இறங்கிய கையோடு அதே கால் உடலைப் பின்கோட்டுக்குத் தள்ளியாக வேண்டும். சாய்னா நேவாலின் ஆட்டத்தைக் கடைசியில் முடித்துவைத்ததும் ஓய்வில்லாத இந்த வேலைதான்.

2014இல் ஐதராபாத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, பிரகாஷ் படுகோன் அகாடமியில் விமல் குமாரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார் சாய்னா. அடுத்த ஆண்டே ஆல் இங்கிலாந்து இறுதியிலும் ஜகார்த்தா உலக சாம்பியன்ஷிப் இறுதியிலும் ஆடினார். ஏப்ரலில் உலகின் முதலிடம் கிடைத்தது. அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காட்டிக்கொடுத்தது. உக்ரைனின் மரியா உலிட்டினாவிடம் 18-21, 19-21 என்று குரூப் சுற்றிலேயே தோற்றார். முழங்காலில் எலும்புத் துணுக்கு ஒன்று பெயர்ந்திருந்தது. நாடு திரும்பியதும், ஆகஸ்ட் 20 அன்று, மும்பை கோகிலாபென் அம்பானி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது.

முழங்காலில் எதற்கு அடிபட்டாலும் ‘ஜவ்வு போய்விட்டது’ என்பது மைதானத்துப் பேச்சு. உள்ளே இருப்பவை மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள். எலும்பை எலும்போடு கட்டி வைப்பது தசைநார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் கிடக்கும் இரண்டு மெத்தைகள் மெனிஸ்கஸ். எலும்பு முனைகளின் மேல் வழவழவென்று படிந்திருப்பது மூட்டுக் குருத்தெலும்பு. அது சில மில்லிமீட்டர் தடிமன்தான். எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தம் வராததால் காயம் தானாக ஆறுவதில்லை. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது வலியும் தெரிவதில்லை. வலி தெரியும்போது பெரும்பாலும் அடியிலுள்ள எலும்பு வரைக்கும் சேதம் போயிருக்கும்.

இதனால்தான் குருத்தெலும்பு அறுவையில் மருத்துவர் கையில் முழுத் தீர்வு இல்லை. பிசிறுகளைச் சீவி, உதிர்ந்த துணுக்குகளை எடுத்துவிடுவது எளிய வழி. மைக்ரோஃபிராக்சர் முறையில் எலும்பில் சிறு துளைகள் இட்டு மஜ்ஜை ரத்தத்தை மேலே வரவைப்பார்கள். அது உறைந்து ஒரு பூச்சாக மாறும். ஆனால் அந்தப் பூச்சு தழும்பு ரகம், பிறவியில் வந்த வழவழப்புக்கு ஈடாகாது. எடை தாங்காத இடத்திலிருந்து நல்ல குருத்தெலும்பை எலும்போடு பெயர்த்துவந்து பதிப்பதும் உண்டு. நோயாளியின் சொந்தச் செல்களையே ஆய்வகத்தில் பெருக்கிப் பதிக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்டார்கள். செலவும் காத்திருப்பும் அதில்தான் அதிகம்.

எந்த முறையானாலும், மீளும் வேலை படுக்கையிலேயே ஆரம்பித்துவிடும். மூட்டில் நீர் கோத்துக்கொண்டால் தொடையின் முன்தசை தானாகவே அடங்கிப்போகும். சில நாட்களிலேயே தொடை கண்ணுக்குத் தெரிய இளைத்துவிடும். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி, முட்டிச்சில்லை மேலே இழுத்து, எண்ணிப் பிடித்து விடுவதுதான் முதல் பயிற்சி. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கும் அதேதான். துணுக்கு எடுத்தவர் சீக்கிரமே நடக்கலாம். துளையிட்டவர் வழக்கமாக ஆறு வாரம் அந்தக் காலில் முழு எடையை வைக்கக் கூடாது. அப்புறம் சைக்கிள், தண்ணீருக்குள் நடை, ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, கடைசியாகத் தாவலும் திரும்பலும். ஒவ்வொரு படியிலும் பிசியோ பார்ப்பது மறுநாள் காலை முழங்காலை: வீக்கம் இருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வலியைக்கூடச் சமாளித்து ஆடிவிடலாம், வீக்கத்திடம் பேரம் பேச முடியாது.

சாய்னா மூன்று மாதம் நிறைவதற்குள் சீன ஓபனில் இறங்கி, முதல் சுற்றில் தோற்றார். 2017 ஜனவரியில் மலேசியா மாஸ்டர்ஸ் பட்டம் வந்தது. இறுதியில் போர்ன்பாவி சோச்சுவாங்கை 22-20, 22-20 என்று வென்றார். மீட்சி முடிந்தது என்று அப்போது எழுதியவர்கள் பலர். அந்த ஆண்டு கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியை உற்றுப் பார்த்திருந்தால் வேறு கதை தெரிந்திருக்கும். ஒகுஹாராவுக்கு எதிரான முதல் கேம் 21-12; அடுத்த இரண்டும் 17-21, 10-21. முந்தைய இரவு வெகுநேரம் மூன்று கேம் ஆடிவிட்டு மறுநாளே இறங்க வேண்டியிருந்தது என்ற அவருடைய குறை நியாயமானதுதான். ஆனாலும் சாதுர்யம் குறையாத ஒருவர் கடைசி கேமில் இப்படிச் சரிவது கால்களின் கணக்கு. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் இறுதியில் சிந்துவை 21-18, 23-21 என்று வீழ்த்தியபோது மூன்றாவது கேமுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ரிஷப் பந்தின் கதையோடு இதை ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2022 டிசம்பர் கார் விபத்தில் அவருக்குக் கிழிந்தவை வலது முழங்காலின் தசைநார்கள். அதே மும்பை மருத்துவமனையில் அறுவை, பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமியில் மாதக்கணக்கில் பயிற்சி, 2024 மார்ச்சில் ஐபிஎல் வழியே வருகை. அந்த அக்டோபரில் சின்னசாமி மைதானத்தில் நியூசிலாந்து டெஸ்டில், ஜடேஜா வீசிய பந்து அதே முழங்காலில் பட்டது. வீங்கியது, கீப்பிங் கையுறை துருவ் ஜுரெலிடம் போனது. இரண்டாவது இன்னிங்ஸில் பந்த் 99 அடித்தார். தசைநாரைப் புதிதாகக் கட்டித் தரலாம். ஒட்டிப் பிடித்துவிட்டால் பல ஆண்டு ஆடலாம். தேய்ந்த குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை, இருப்பதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியதுதான்.

2019 ஜனவரி ஜகார்த்தாவில் சாய்னா வென்ற கடைசிப் பட்டத்திலும் ஒரு முழங்கால் இருக்கிறது, எதிராளியுடையது. இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதியில் 10-4 என்று முன்னிலையில் இருந்த கரோலினா மரின் வலது முழங்கால் முறுக்கி விலகினார். அறுவை முடிந்து அந்தச் செப்டம்பரிலேயே சீன ஓபன் பட்டத்தோடு திரும்பினார். 2021இல் இடது முழங்கால், 2024 பாரிஸ் அரையிறுதியில் மறுபடி வலது.

2016 அறுவையே சாய்னாவின் பிந்தைய தேய்மானத்துக்குக் காரணம் என்று முடிச்சுப் போடுவது அவசரம். சிறு வயதிலிருந்து அந்தக் கால் சுமந்த பயிற்சி நேரம்தான் பெரிய பங்கு வகித்திருக்கும். 2023 சிங்கப்பூர் ஓபனுக்குப் பிறகு அவர் போட்டியில் இறங்கவில்லை. முழங்காலில் ஆர்த்ரைட்டிஸ் வந்துவிட்டது, குருத்தெலும்பு மோசமான நிலையில் இருக்கிறது என்று 2024இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். உலகத் தரத்தில் நிற்க நாளுக்கு எட்டு, ஒன்பது மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது அவர் கணக்கு. ஓரிரு மணி நேரத்திலேயே மூட்டு வீங்கிவிட்டால் அந்தப் பயிற்சிக்கு வழியில்லை.