எடைக்கல்லாகிய நோவு: தமிழ்ப் பனுவல்களில் மகப்பேற்று வலியின் ஒப்பீட்டு மரபு

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றைப் பிற துன்பங்களோடும் இன்பங்களோடும் ஒப்பிட்டுக் கூறும் வழக்கம் சங்ககாலந்தொட்டு இன்றுவரை தமிழில் தொடர்கிறது. அவ்வொப்பீடுகளில் மகப்பேறு அளவுகோலாக நிற்கிறதேயன்றி அளக்கப்படும் பொருளாக நிற்பதில்லை. ஒப்பீடே இல்லாத சிறுபாணாற்றுப்படைக் காட்சி ஒன்றில்தான் ஈன்ற உடலின் நோவு நேராகப் பதிவாகிறது. இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மகப்பேறு, நோவு, ஒப்பீடு, புனிறு, சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாடு

முன்னுரை

மனித உடல் 45 ‘டெல்’ அளவு வலியைத்தான் தாங்கும். பிள்ளை பெறும்போது ஒரு தாய் 57 ‘டெல்’ வலியைத் தாங்குகிறாள். அது 20 எலும்புகள் ஒரே நேரத்தில் முறியும் வலிக்குச் சமம். அன்னையர் தினத்தையொட்டி மேடைப் பேச்சுகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் ஆண்டுதோறும் வலம்வரும் கூற்று இது. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. ‘டெல்’ என்றோர் அலகை மருத்துவம் அறியாது. 1940களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதலியோர் தோலின்மீது வெப்பத்தைப் பாய்ச்சி வலியை அளக்க முயன்று ‘டோல்’ என்ற அலகை வகுத்தனர். ஹார்டியும் ஜாவெர்ட்டும் அதனைக் கொண்டு பேறுகாலப் பெண்களின் வலியை அளந்து 1949இல் வெளியிட்டனர். அவ்வளவுகோலின் உச்சமே பத்தரை டோல்தான். அதில் 45க்கும் இடமில்லை, 57க்கும் இடமில்லை.

எண் பொய் என்று காட்டுவதோடு திறனாய்வாளரின் வேலை முடிந்துவிடுவதில்லை. மனிதர் தாங்கும் எல்லை 45 என்றால், 57ஐத் தாங்குபவள் மனிதர் கணக்கிலேயே வருவதில்லை. போற்றும் வாக்கியமே தாயை மனித இனத்திற்கு வெளியே நிறுத்திவிடுகிறது. மேலும் அவ்வாக்கியத்தைச் சொல்பவர் பெரும்பாலும் மகன். சொல்லப்படும் நோக்கம் தன் கடனின் பெருமையைக் காட்டுவது. வலியுற்றவள் அதில் பேசுவதில்லை. இவ்வமைப்பு வாட்ஸ்அப் காலத்தில் தோன்றியதன்று. அதன் வேர் மிகப் பழையது.

பெற்ற பொழுதினும் பெரிது

புறநானூற்றின் 277, 278ஆம் பாடல்கள் முறையே பூங்கண் உத்திரையாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பாடியவை. இரண்டிலும் முதிய தாய் ஒருத்தி, போரில் இறந்த மகனை எண்ணி, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். 278இல் இவ்வொப்பீடு கொடுமையான கூர்மை பெறுகிறது. மகன் புறமுதுகிட்டான் என்ற பழியைக் கேட்டவள் வாளேந்திக் களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள், சிதைந்து துண்டுபட்டுக் கிடக்கும் உடலைக் காண்கிறாள், மகிழ்கிறாள். தன் உடலிலிருந்து முழுதாக வந்த ஓர் உடல் துண்டுகளாகக் கிடக்கும் இடத்தில் பிறந்த நாள் நினைவுக்கு வருகிறது. குருதி இரு நிகழ்வுகளுக்கும் பொதுவானது. ஆயினும் பாடல் ஒப்பிடுவது உவகையை மட்டுமே. பெற்ற நாளில் நோவும் இருந்தது என்ற எண்ணம் அங்கே எழவில்லை. எழுந்திருந்தால் ஒப்பீடு தடுமாறியிருக்கும்.

இதே வாய்பாட்டைத் திருக்குறளின் 69ஆம் குறள் களத்திலிருந்து வீட்டிற்குக் கொணர்கிறது. வீரச்சாவின் இடத்தில் சான்றாண்மை வருகிறது. பரிமேலழகர் உரை இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. பெற்ற பொழுதின் மகிழ்ச்சியை, மகனை மடியில் கண்டபோது எழுந்த பொதுவான உவகை என்று அவர் விளக்குகிறார். இவ்விளக்கத்தால் ‘பெற்ற பொழுது’ பேறு முடிந்து குழந்தை மடிக்கு வந்துவிட்ட பொழுதாக மெல்ல நகர்த்தப்படுகிறது. நோவின் நேரம் உரைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பெண் தானாக அறியும் இயல்பினள் அல்லள். ஆதலால் ‘கேட்ட தாய்’ என்றார் என்ற அவருடைய குறிப்பு பலராலும் கண்டிக்கப்பட்டுள்ளது. பெண்ணின் அறிவை மறுக்கும் அக்குறிப்பும், அவள் மட்டுமே அறிந்த ஒன்றை விலக்கும் இந்நகர்வும் ஒரே உரைப்பகுதியில் அடுத்தடுத்து நிற்பதை அக்கண்டனங்களோடு சேர்த்துக் காணவேண்டும்.

பொன்முடியாரின் 312ஆம் புறப்பாடல் மகப்பேற்றைக் கடமைப் பட்டியலில் வைக்கிறது. கொல்லனுக்கு வேல் வடித்தல் போல, தாய்க்குப் பெற்று வளர்த்தல். காவற்பெண்டின் 86ஆம் பாடல் பெற்ற வயிற்றைப் புலி தங்கிச் சென்ற குகையாக்குகிறது. உருவகம் வலிமையானது, ஐயமில்லை. ஆனால் குகைக்கு வலிப்பதில்லை. குறுந்தொகை 287இல் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து வானேற இயலாமல் தளரும் மேகத்தை, நடக்க மாட்டாத நிறைசூல் மகளிரோடு ஒப்பிடுகிறார். சுமையின் அயர்வு அப்படியே பதிவாகிறது. பெண் உடலை அறிந்த ஒருவரின் உவமை என்று சொல்லத் தோன்றும். எனினும் அது மழைக்கு முன்பே நின்றுவிடுகிறது. நற்றிணை 40 நேரே பேற்றுக்குப் பின் தொடங்குகிறது. நெய்யும் வெண்கடுகும் பூசிய தாய் உறங்க, நள்ளிரவில் கணவன் கள்வன்போல் வருகிறான்.

தொல்காப்பிய உரியியலும் இவ்விடைவெளியை உறுதிசெய்கிறது. சூல்கொண்டவளின் மிகு விருப்பத்தோடு தொடர்புறும் ‘வயா’ என்ற சொல் அங்கு உண்டு. ஈன்ற அண்மைக்காலத்தைக் குறிக்கும் ‘புனிறு’ என்ற சொல்லும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட பொழுதுக்கெனத் தனி உரிச்சொல் இல்லை.

மகனின் அடிவயிறு

பிற்காலத்தில் நோவு பேசப்படாமல் இல்லை. பட்டினத்தார் பெயரில் வழங்கும் தாய் இறப்புப் பாடல்கள் பத்து மாதச் சுமையையும் வருத்தத்தையும் விரிவாகவே சொல்கின்றன. தாயின் உடலுக்குத் தீ மூட்டும் வேளையில் அப்பாடல்களில் எழும் ஒப்பீடு தமிழரிடையே மிகவும் அறியப்பட்டது. முப்புரம் எரித்த தீ, இலங்கையை எரித்த தீ என்ற வரிசையில் அன்னை இட்ட தீ மூன்றாவதாக வருகிறது. அது எரிவது மகனின் அடிவயிற்றில். பேற்றுநோவின் இருப்பிடமே அது. தாய் நோவுற்ற இடத்தை மகனின் துயரம் எடுத்துக்கொள்கிறது. அவ்வுடற்பகுதியின் வலி ஊர்களை எரித்த தீக்கு நிகராகப் புராண அளவு பெறுவது அது மகனுடையதான பின்னர்தான். இன்றைய 57 ‘டெல்’ வாக்கியம் இம்மரபின் வழித்தோன்றல். புராணத் தீயின் இடத்தை எண் பிடித்திருக்கிறது.

இவ்வரிசையில் சேராதது திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதை. காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாத நிலையில், பேறுகாலத் துன்பத்திலிருந்த இரத்தினாவதிக்கு இறைவன் தாய் வடிவில் வந்து துணைநின்றான் என்பது கதை. நோவு எதைவிடப் பெரிது என்று அது கேட்கவில்லை. அருகில் யார் இருக்கிறார் என்று கேட்கிறது.

ஓய்மானாட்டு அடுக்களை

ஒப்பீடற்ற நோவைக் காணச் சிறுபாணாற்றுப்படைக்குச் செல்லவேண்டும். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய இப்பாட்டின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய பகுதி என்றும் அறிஞர் கொள்வர். திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையிலுள்ள கிளியனூர், சம்பந்தர் பதிகம் பெற்ற திருக்கிளியன்னவூர், இந்நிலப்பரப்பிலேயே அமைகிறது. மரக்காணத்து உப்புப் பாத்திகள் அங்கிருந்து ஒரு நாள் வண்டிப்பயணத் தொலைவில் உள்ளன. பாட்டிலும் உமணரின் உப்பு வண்டிகள் வருகின்றன. வண்டிகளோடு வந்த மந்தி உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது.

அப்பாட்டின் நடுவே, பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் தன் பழைய வறுமையை விவரிக்கிறான். பாழடைந்த அடுக்களை. அங்கே அண்மையில் ஈன்ற நாய் ஒன்று. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, அவ்வலியைப் பொறுக்கமாட்டாமல் அது குரைக்கிறது. அதே வீட்டில், பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் காண்பரே என்று நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்துண்கிறாள்.

அக்குடில் எவ்வூரில் இருந்தது என்பதைப் பாட்டு கூறவில்லை. ஆயினும் உப்பு வண்டிகள் செல்லும் பாட்டிற்குள் உப்பில்லாத அடுக்களை ஒன்று இருக்கிறது என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஈன்ற உடலின் நோவு இங்கு எதனோடும் ஒப்பிடப்படவில்லை. அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது: பால் இல்லை, பால் இல்லாமைக்குக் காரணம் உணவில்லை. ‘புனிறு’ என்ற சொல் ஈன்ற அண்மையை மட்டும் குறிக்காமல் பசியோடு இணைந்து சமூகப்பொருள் பெறுகிறது. புறப்பாடல்களின் தாய்மார் பெற்ற நாளை நினைந்து மகிழ, இந்நாய் பெற்ற பின்னான வலியைத் தாங்கவில்லை என்று உரக்கச் சொல்கிறது. அவ்வாறு சொல்லும் உரிமை நாய்க்குத்தான் கிடைத்திருக்கிறது. வீட்டுப்பெண் கதவடைத்து அமைதியாகிறாள். மனிதத் தாயின் வாயில் வைக்க மரபு இடங்கொடாத ஒன்றை நத்தத்தனார் நாயின் குரலில் வைத்தார் எனக் கொள்வதில் தவறில்லை.

அக்கதவைத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பிலுள்ள ‘இரண்டாம் ஜாமத்துக் கதை’ என்ற கவிதையில் சல்மா, பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான இரவுகளையும் வயிற்றுத் தழும்புகளையும் அவற்றை அருவருக்கும் கணவனையும் பேசுகிறார். தன்னுடலைத் தானே சொல்லும் தாய் அங்கிருக்கிறாள். எனினும் அதுவும் புனிற்றுக் காலத்துக் கவிதையே.

அளவையும் சொல்லும்

வலியை ஒப்பிடுவதே பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியைக் கருவியால் அளக்காமல் நோயாளி தேர்ந்தெடுக்கும் சொற்களால் அளந்தது. 20 தொகுதிகளில் 78 சொற்கள். அவ்வழியில் அவர் பெற்ற ஒப்பீட்டில் முதற்பேற்று வலியின் சராசரி, முதுகுவலியையும் புற்றுநோய் வலியையும் விட உயர்ந்து நின்றது. விரல் துண்டிப்புக்கும், நரம்புக் காயத்தைத் தொடரும் எரிவலிக்கும் சற்றுக் கீழே நின்றது. ஆனால் அதே ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின. சில பெண்கள் மிதமான வலியையே கூறினர். சிலர் தாங்கவொண்ணா வலியைக் கூறினர். எனவே சராசரியைக் கொண்டு ஒரு பெண்ணின் வலியை முன்கூட்டிச் சொல்ல இயலாது. அவளையே கேட்கவேண்டும். ‘தாய்’ என்ற ஒருமைக்கு ஒரே எண்ணை வழங்கும் 57 ‘டெல்’ வாக்கியம் இவ்விடத்தில்தான் தவறுகிறது. எண் சரியாகவே இருந்திருந்தாலும் தவறியிருக்கும்.

இவ்வேறுபாட்டிற்கு நடைமுறை விளைவு உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்தன. ஆகவே நோவைத் தணிப்பதா, தாங்கச் சொல்வதா என்பது ஏறத்தாழ முழுமையாக நிறுவனத்தின் முடிவாகிவிட்டது. வலி தணிப்பை வேண்டும் நலமான கருவுற்ற பெண்களுக்கு முதுகுத்தண்டுவட மயக்கமருந்து உள்ளிட்ட வழிகளையும், பெண் விரும்பும் ஒருவர் பேற்றின்போது உடனிருப்பதையும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. பின்னது தாயுமானவர் கதை முன்பே அறிந்திருந்தது. முன்னது பெண் ‘வேண்டும்’ என்று சொல்வதைப் பொறுத்தது. தாய்மையின் சான்றே நோவுதான் என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவள் அதைத் தணிக்குமாறு கேட்பது எளிதன்று. கேட்டால் செவிசாய்ப்பதும் அவ்வாறு வளர்ந்தவர்க்கு எளிதன்று.

மெல்சாக்கின் சொற்கள் ஆங்கிலத்தவை. தமிழில் அத்தகைய நிரல் ஒன்றை அமைக்கப் புகுவோர் சொல்லுக்கு வறுமையுற மாட்டார்கள். கடுப்பு, குத்தல், குடைச்சல், உளைச்சல், முறுக்கு, சுருக்கென்றல், விண்விண்ணென்றல், பிடித்திழுத்தல் என வலியின் வகைகளைத் தமிழ்ப் பேச்சுவழக்கு நுட்பமாகப் பிரித்தறியும். பேறுகாலத்துக்கே உரிய சொற்களும் உண்டு. உண்மையான இடுப்புவலியைச் சூட்டுவலி, பொய்வலி என்பவற்றிலிருந்து பெண்கள் வேறுபடுத்துகின்றனர். இச்சொற்கள் ‘அதைவிட’, ‘போல’ என்ற உருபுகளை நாடுவதில்லை. இடம், காலம், விட்டுவிட்டு வரும் முறை ஆகியவற்றைக் கூறுகின்றன. வலி இடுப்பில் தொடங்கி முன்னால் இழுக்கிறதா, எத்தனை நேரத்திற்கு ஒருமுறை வருகிறது என்று செவிலியர் வினவுவதும் பெண் விடையளிப்பதும் பேற்றறையில் நாள்தோறும் நிகழ்வன. இவ்வுரையாடலை இலக்கியச் சான்றாகக் கொண்டு தொகுக்கும் பணி, உப்புக் கடற்கரை ஊர்களின் வழக்கையும் உட்படுத்தி, தமிழ் ஆய்வுலகில் இனிமேல்தான் தொடங்கவேண்டும்.