பின்னால் வந்தவர் எங்கே?

தலைவர்களின் வாழ்க்கைச் சரித்திரங்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆனால் கதை எழுதிப் பழகியவன் அவற்றைப் படித்தால் ஒரு குறை தட்டுப்படாமல் போகாது. தலைவர் வருகிறார், பேசுகிறார், ஜனங்கள் எழுச்சி கொள்கிறார்கள். எழுச்சி கொண்டவர்களில் ஒருவருக்காவது பெயர் உண்டா, முகம் உண்டா என்று பார்த்தால், இல்லை. பிறரைத் தூண்டியவர் என்று புகழ்ந்துவிட்டுத் தூண்டப்பட்டவரைச் சொல்லாமல் விட்டால் அது எப்படிச் சரித்திரமாகும்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள், 1927ல் அவர் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானதை முதலில் சொல்வார்கள். பெருமைக்குரிய விஷயந்தான். ஆனால் தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி சட்டமாக முடிய 1947 வரை ஆயிற்று. சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. போக்கிடமில்லாத பெண்களுக்காக 1930லேயே அவ்வை இல்லத்தைத் தொடங்கிவிட்டார். 1923ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம் 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாயிற்று. இடையில் 31 வருஷங்கள்!

மறு வருஷம் அங்கே இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். கைக்கெட்டிய அரசாங்க உத்தியோகத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தார். அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து உழைத்தார்; ஆஸ்பத்திரி வளாகத்தையே வீடாக்கிக்கொண்டார். அம்மையார் 1968ல் காலமானார். டாக்டர் சாந்தா 2021ல், 93 வயதில் மறையும் வரையில் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. அம்மையார் போன பின்பும் 50 வருஷங்களுக்கு மேல் அவரை அங்கே நிறுத்தி வைத்தது எது? மேடைப் பேச்சாக இருக்க முடியாது. மெரினா மணலில் கேட்ட பேச்சு எத்தனை உயர்வானதானாலும், வீடு திரும்பி இலை முன் உட்காருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது.

இன்னொருவருடைய வாழ்நாளைக் கேட்பது சின்ன விஷயமல்ல; ஒரு விதத்தில் கொடுமைகூட. தம்முடையதை முதலில் கொடுத்தவருக்குத்தான் அந்த உரிமை உண்டு. 1930ல் காந்திஜி கைதானபோது சட்டசபைப் பதவியை உதறிவிட்டு வந்தவர் அம்மையார். அவர் சொல்லுக்கு இருந்த கனம் அங்கிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

இனிச் சரித்திரம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டங்களுக்கும் மாலைகளுக்கும் ஓர் அத்தியாயம் போதும். தலைவர் மறைந்த மறுநாள் காலையில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று விசாரித்து, அதையும் எழுதுங்கள்.