வெளுத்துப்போன பில்லும் மாதச் சந்தாவும்

2023 ஆடி மாசம் விருதுநகரிலிருந்து மாமா போன் பண்ணினார். மாமாவுக்கு அங்கே பெயிண்ட், ஹார்டுவேர் கடை. ஒரு கட்டட கான்ட்ராக்டர், 2020ல் வாங்கிய சரக்குக்குப் பணமெல்லாம் கட்டியாச்சு, பாக்கி எதுவும் இல்லை என்கிறாராம். மாமாவின் கணக்கில் 38,000 ரூபாய் நிற்கிறது. அந்த வருஷத்து பில்களை எடுத்துக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

பில்களை எடுத்தார். வெள்ளைத் தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த தாள்களில் ஒரு எழுத்துகூட இல்லை. சரி, பில்லிங் ஆப்பில் பார்க்கலாம் என்று போனால், அதன் சந்தாவை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே நுழைந்ததும் ‘புதுப்பிக்கவும்’ என்ற ஒரே ஒரு பொத்தான்.

"நீ சொன்னேன்னுதான் மாப்ளே மாத்துனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ரொம்பக் குத்தியது.

ஆமாம், மாற்றச் சொன்னது நான்தான். 2019ல் லீவுக்குப் போனபோது, கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு டேப்லெட், கையடக்க தெர்மல் பிரிண்டர், மாதச் சந்தா கட்டும் பில்லிங் ஆப் மூன்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். குடும்பத்தில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் இருந்தால் இப்படித்தான்.

இந்தக் கட்டுரை அந்த ஆப்பைத் திட்டுவதற்கு அல்ல. பெயரைச் சொல்லப்போவதும் இல்லை, ஏனென்றால் பிரச்சினை ஒரு நிறுவனத்தோடு முடியவில்லை. ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

அடித்த எழுத்தும் சுட்ட எழுத்தும்

முதலில் அந்த வெள்ளைத் தாளுக்கு வருவோம்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வேலை செய்வது கிட்டத்தட்ட டைப்ரைட்டர் மாதிரிதான். தலைப்பகுதியில் 9 அல்லது 24 ஊசிகள் இருக்கும். அவை மை ரிப்பனை அடிக்கும், ரிப்பன் தாளில் பதியும். அடிப்பதால்தான் கார்பன் வைத்தால் கீழே உள்ள இரண்டாவது, மூன்றாவது தாளிலும் அதே எழுத்து விழுகிறது. ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று ஆடிட்டருக்கு. இன்க்ஜெட்டோ லேசரோ இதைச் செய்யாது, அவை தாளை அடிப்பதில்லை. லாரி ஆபீஸ்களில் இன்றைக்கும் அந்தக் ‘கிர்ர்ர்’ சத்தம் கேட்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லை.

தெர்மல் பிரிண்டரில் மையே கிடையாது. விஷயம் முழுக்க தாளில் இருக்கிறது. நிறமற்ற ஒரு சாயமும், அதோடு சேர்ந்தால் நிறம் கொடுக்கும் இன்னொரு பொருளும் தாளின் மேல் பூசப்பட்டிருக்கும். பிரிண்டரின் தலை தாளைச் சுடும்போது இரண்டும் உருகிச் சேர்ந்து கறுப்பாகும். ரிப்பன் செலவு இல்லை, சத்தம் இல்லை, பழுதாக அதிக பாகங்களும் இல்லை. ஆனால் அந்தச் சேர்க்கை நிரந்தரமானது இல்லை. வெயில், சூடு, எண்ணெய் எல்லாம் அதைப் பிரித்துவிடும். பிவிசி பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் ரசாயனங்களும் பிரித்துவிடும். அதாவது, மாமா பாதுகாப்புக்காகப் போட்ட கவரே எழுத்தைத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

பரணில் 2004ஆம் வருஷத்துப் பில் கட்டு ஒன்று கிடந்தது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அந்த நீளத் தாள்தான். கரப்பான் அரித்தது போக மிச்சமெல்லாம் அப்படியே படிக்க முடிந்தது. மூணு வருஷத்து பில் வெள்ளை, பத்தொன்பது வருஷத்து பில் கறுப்பு.

பழசுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை செத்துப்போய், எட்டு மாதக் கணக்கை மாமாவும் கணக்குப்பிள்ளையும் சிட்டையைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். புது ஆப்பில் அந்தப் பயம் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கம்ப்யூட்டரோடு கணக்கையும் இழந்தவர்களிடம் போய் கிளவுட் வேண்டாம் என்று யாராவது சொல்ல முடியுமா? பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவது மாமாவுக்கே பிடித்திருந்தது. ஜிஎஸ்டி விதி மாறினால் ஆப்பே மாற்றிக்கொண்டது. இதெல்லாம் உண்மையான வசதிகள்.

விமர்சனம் எங்கே நிற்கிறது

நானே இணையத்தில் கேட்ஜெட் விமர்சனங்கள் எழுதியிருக்கிறேன். பழையவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வேகம், பேட்டரி, திரை, விலை, ‘கொடுக்கிற காசுக்குத் தகும்’. எல்லாமே வாங்கிய முதல் வாரத்தின் கதை. இந்தப் பொருளை விட்டு விலகும்போது என்ன மிஞ்சும் என்று ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. மற்றவர்களும் பெரும்பாலும் எழுதுவதில்லை. பெண் பார்க்கும் அன்றைக்கே குடும்ப வாழ்க்கைக்கும் மார்க் போட்டுவிடுகிற மாதிரி.

ஒரு காலத்தில் இதனால் பெரிய நஷ்டம் வந்ததில்லை. வீட்டுக்கு வாங்கும் கேட்ஜெட்டும் தொழிலுக்கு வாங்கும் கருவியும் வேறு வேறு சாதியாக இருந்தன. வாக்மேன் போனால் சிடி பிளேயர், அது போனால் எம்பி3. போனது போகட்டும். தொழில் கருவி அப்படி இல்லை. புதுசு வந்தாலும் பழசின் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்ப்ரெட்ஷீட். 1979ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விசிகால்க் செய்தார்கள். பின்னால் வந்த ஐபிஎம் பிசி பதிப்பை பிரிக்லின் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறார். சுமார் 27 கிலோபைட்தான். டாஸ் எமுலேட்டரில் போட்டால் இன்றைக்கும் ஓடுகிறது. அனுமதி கேட்க வேண்டிய சர்வர் எதுவும் இல்லை.

1983ல் வந்த லோட்டஸ் 1-2-3 இன்னும் வேடிக்கை. அது 1900ஆம் ஆண்டை லீப் வருடம் என்று தப்பாக எடுத்துக்கொண்டது. 100ஆல் வகுபட்டு 400ஆல் வகுபடாத வருடம் லீப் வருடம் ஆகாது. ஆனால் லோட்டஸ் கோப்புகளில் உள்ள தேதிகள் மாறிவிடக்கூடாது என்பதற்காக, எக்செல் அந்தத் தப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. சாதாரண விண்டோஸ் எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று போட்டு, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று, உலகத்தில் இல்லாத ஒரு நாளைக் காட்டும்.

இதைப் பல பேர் கேலியாகச் சொல்வார்கள். நான் மரியாதையாகப் பார்க்கிறேன். போட்டியாளரின் பயனாளர்கள் எழுதி வைத்த கணக்கு கெடக்கூடாது என்று, தப்பென்று தெரிந்தே ஒரு தப்பைச் சுமக்கிறார்கள். வியாபாரத் தந்திரமாகவே இருக்கட்டும், பலன் கணக்கு எழுதியவனுக்குத்தான்.

கோடு அழிந்த கதை

கேட்ஜெட் உலகத்தின் பழக்கம் இதற்கு நேர் எதிர். 2009ல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அவர்களுடைய கிண்டில்களிலிருந்து தூரத்திலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2016ல் ரிவால்வ் என்ற வீட்டு உபயோகக் கருவியின் சேவையை, அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுத்தியது. கருவி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பின் எந்த வேலையும் செய்யவில்லை.

அந்தப் பழக்கம் இப்போது தொழில் கருவிக்கும் வந்துவிட்டது. 2013ல் அடோபி, இனிமேல் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்தது பெரிய திருப்பம். அதற்கு முன் ஒரு பதிப்பை வாங்கினால், புதுசு வாங்காவிட்டாலும் பழசு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வாடகை நின்றால் கதவு பூட்டிக்கொள்ளும்.

சந்தா முறையே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் சம்பளமும் அப்படிப்பட்ட ஒரு சாஃப்ட்வேரிலிருந்துதான் வருகிறது. சர்வர் ஓட்டக் காசு வேண்டும், ஆள் வேண்டும். ஆனால் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த வருஷத்து வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். சரக்கு விற்ற நாளிலிருந்து எண்ணினால் ஏழு வருஷத்தை ஒட்டி வரும். ஆப்போடு மாமாவுக்கு இருந்த ஒப்பந்தம் ஒரு மாதம். பில் தாளின் ஆயுசு அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அதாவது பொறுப்பு ஏழு வருஷம் கடைக்காரர் தலையில். சாவி மாதாமாதம் வேறொருவர் கையில். வாடகை வீட்டைக் காலி செய்தால் சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே காலி செய்தபோது பீரோ உள்ளேயே நின்றுவிட்டது.

பழைய முறையில் கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனாலும் பேரேடு கடையில்தான் இருக்கும். புது ஆள் வந்து அதைப் பிரித்துப் படிப்பார். ஐந்தொகை போடும் முறை ஊருக்கெல்லாம் பொது. இது தொழில்நுட்பமாகத் தெரியவில்லை என்பதால், அது செய்த வேலையை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. 2019ல் நான் செய்த தப்பு புது ஆப் வாங்கியது இல்லை. பேரேடு யார் வீட்டில் இருக்கும் என்று கேட்காமல் வாங்கியது.

மூன்று கேள்விகள்

இப்போது யாராவது கடைக்கோ ஆபீசுக்கோ ஏதாவது வாங்கலாமா என்று கேட்டால், விலைக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

ஒன்று, காசு கட்டுவதை நிறுத்தினால் பழைய கணக்கைப் படிக்கவாவது முடியுமா? எழுத முடியாவிட்டால் பரவாயில்லை.

இரண்டு, எல்லாவற்றையும் சிஎஸ்வி போன்ற பொதுவான வடிவத்தில், வாடிக்கையாளர் வாரியாக வெளியே எடுக்க முடியுமா? பிடிஎஃப் கிடைக்கும் என்பது பதில் ஆகாது. பிடிஎஃப் என்பது கணக்கின் போட்டோ.

மூன்று, அச்சாகும் தாள் சட்டம் கேட்கிற காலத்துக்குத் தாங்குமா?

முதல் நாளே கேட்க வேண்டும். விலகும் நாளில் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

மாமாவின் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஒரு வருஷச் சந்தாவைத் திரும்பக் கட்டினோம். பில்கள் ஒவ்வொன்றாக பிடிஎஃப்பில்தான் இறங்கின. இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்த கான்ட்ராக்டரின் பற்று வரவை எக்செலில் ஏற்றினேன். அதற்குள் பேச்சு வளர்ந்துவிட்டது. பாதிப் பணம் வந்தது, மீதியை மாமா விட்டுவிட்டார். பணத்தைவிட, இருபது வருஷப் பழக்கம் அறுந்ததுதான் அவருக்கு வருத்தம். "அந்தாளு பொய் சொல்லல மாப்ளே, அவருக்கும் ஞாபகம் இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு காகிதம் இல்லாமப் போச்சு" என்றார்.

இப்போது மாமா வேறொரு ஆப்பில் இருக்கிறார். மாதக் கடைசியில் நான் எழுதிக் கொடுத்த சின்ன நிரல் எல்லா வாடிக்கையாளர் கணக்கையும் சிஎஸ்வியில் இறக்கிவிடும். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்து அட்டை ஃபைலில் கோத்து வைக்கிறார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பரணிலிருந்து இறக்கவில்லை. ரிப்பன் வாங்கி வா என்று சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

உங்கள் வீட்டில் பத்திரமாக எடுத்து வைத்த ஃபிரிட்ஜ் பில், நகை ரசீது ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வழவழப்பான தாளாக இருந்து, எழுத்து இன்னும் தெரிந்தால் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் மட்டும் போடாதீர்கள்.