42ஆம் நாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் குற்றாலம் மெயினருவிப் பக்கம் காதில் விழுவது ஒரே சொல்தான். "சாமி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க", "குளிச்சாச்சா சாமி?" முந்தின வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் "ஏலே, குடிகாரப் பயலே" என்று விரட்டப்பட்ட ஆளும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். என் சித்தப்பா அப்படி ஒருவர். அய்யப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் பாட்டிலைத் தொடமாட்டார். பக்தி என்பார் குருசாமி. மூடநம்பிக்கை என்பார்கள் நம் தோழர்கள். இரண்டு தரப்பும் அந்தச் 'சாமி' என்ற சொல்லைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தெருவில் போலீஸ்காரன் கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் அந்தக் கணமே ஒரு தன்னிலையாக ஆகிறான் என்று 1970இல் அல்தூஸர் எழுதினார். விளிப்புதான் ஆளை உண்டாக்குகிறது. 2003 கடைசியிலிருந்து டாஸ்மாக் வழியாக அரசே சில்லறையில் விற்கிறது. வாங்கிக் குடிப்பவனைப் பத்திரிகைகள் 'குடிமகன்' என்று சிலேடையில் சிரிக்கின்றன. அந்தச் சிரிப்பும் ஒரு விளிப்புதான். அதற்கு எதிராக 41 நாளைக்கு ஊரே 'சாமி' என்கிறது. கூப்பிடும் அளவிலாவது சாதியும் உத்தியோகமும் பின்னுக்குப் போகின்றன. சித்தப்பா நிமிர்ந்து நடக்கிறார்.

ஆனால் ஒரு வருஷம் 19ஆம் நாளில் அவர் தவறிவிட்டார். அன்று ராத்திரியே மாலையைக் கழற்றிப் படத்தில் போட்டார். "சாமி குத்தம்" என்றார்கள். பஜனைக்குக் கூப்பிட யாரும் வரவில்லை. மரியாதை மாலைக்குத்தான், ஆளுக்கில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதன் எதிரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை வைத்துப் பார்க்கலாம். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது; தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. 1939இல் அச்சான அதன் 12 படிகளில் பலவற்றிலும் கடவுள் உண்டு. எந்தக் கடவுள் என்பதை அவரவர் புரிதலுக்கு விட்டுவிட்டார்கள். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். நிறுத்திக் காட்டியிருக்க வேண்டியதில்லை. ஆகவே தவறியவன் மறுபடி வந்து உட்காரலாம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை என்பது பல கூட்டங்களில் வழக்கம்.

"இது பாவசங்கீர்த்தனக் கூண்டின் மறுபதிப்புதானே?" என்று ஃபூக்கோ வாசித்த நண்பர் கேட்கிறார். வாக்குமூலம் எங்கே உண்டோ அங்கே அதிகாரமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே கேட்பவனும் அடுத்துத் தன் கதையைச் சொல்லப் போகிறவன். கூண்டுக்கு அந்தப் பக்கம் நிரந்தரமாக உட்கார ஆள் கிடையாது.

இரண்டு இடத்திலும் சித்தியின் குரல் கேட்கவில்லை. விடியுமுன் குளித்துத் தனிப் பாத்திரத்தில் சமைத்த அவளுக்கு 41 நாள் கணக்கு கிடையாது; அவளை யாரும் 'சாமி' என்று கூப்பிடவுமில்லை. குடிப்பவர் குடும்பங்களுக்கென்று 1951இல் அல்-அனான் தனியாக உருவானது தற்செயலல்ல.

நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தபிரமை வரலாம், உயிரே போகலாம். டாக்டர் வேண்டும். அதில் விவாதமில்லை. டாக்டர் அனுப்பிவைத்த பிறகு அவர் திரும்பி வருவது நம் தெருவுக்குத்தான். மாலையைக் கழற்றிய 42ஆம் நாளோ, தவறிப்போன 19ஆம் நாளோ, டீக்கடையில் அவரைப் பார்த்தால் நாம் என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறோம்? "வாங்க, உக்காருங்க" என்பதற்கு மாலை எதற்கு?