கணினி அச்சுக்கோப்பில் தமிழ்ச் சொற்பிரிப்பு: எழுத்தெல்லையும் மொழிமுதல் மரபும்

முன்னுரை

ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் சொற்கள் நீள்வது இயல்பு. இருபுறமும் சமன்செய்யப்பட்ட பத்தியில் நெடுஞ்சொல் ஒன்று அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால், முந்தைய வரியில் சொல்லிடைவெளி அளவுக்கு மீறி விரிகிறது. இதனைத் தவிர்க்கவே வரியிறுதிச் சொற்பிரிப்பு தேவைப்படுகிறது. கணினி இப்பணியை எந்த நெறியில் செய்கிறது என்பது மதிப்பீட்டுக்குரியது.

எழுத்தெல்லை நெறி

பிராங்க்ளின் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் சொற்பிரிப்புக்கு அடிப்படையாயிற்று. எழுத்துகளுக்கு இடையே எண்கள் இடப்பெறும். ஒற்றைப்படை எண் பிரிப்பை இசைவிக்கும், இரட்டைப்படை எண் தடுக்கும். ஓரிடத்தில் பல எண்கள் மோதினால் பெரிய எண்ணே வெல்லும்.

டெக்கிற்கான தமிழ் விதிகள் புள்ளியெழுத்து வரிமுதலில் வாராமல் காக்கின்றன. இது பாராட்டத்தக்கது. எனினும் ஏனைய எழுத்தெல்லைகள் அனைத்தையும் அவை ஒரே தரத்தில் வைக்கின்றன. ‘விளையாடினாள்’ என்பது ‘வி-ளை-யா-டி-னாள்’ என நான்கு இடங்களில் பிரியத்தக்கதாகிறது. வரியிறுதியில் குறைந்தது 2 குறியீடுகள் நிற்க வேண்டும் என வரையறுத்தாலும் ‘வி’ தனித்து நிற்பதைத் தடுக்க இயலாது. யூனிகோடில் அவ்வோரெழுத்தே 2 குறியீடுகளால் ஆனது.

உருபன் எல்லையை நெறியாகக் கொள்வதும் முழுத்தீர்வாகாது. ‘நூலகம்’ என்பதில் நூல், அகம் ஆகியவற்றின் எல்லை ‘ல’ என்னும் உயிர்மெய்க்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

மொழிமுதல் மரபு

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை மொழிமுதலாகா என்பதில் தொல்காப்பியமும் நன்னூலும் உடன்படுகின்றன. இவ்வெழுத்துகளுக்கு முன் இரட்டைப்படை எண் இட்டுப் பிரிப்பைத் தடுத்தால், மேற்கண்ட சொல் ‘விளை-யாடினாள்’ என ஓரிடத்தில் மட்டுமே பிரியும். ‘பழமொழி’யும் ‘பழ-மொழி’ என்றே பிரியும்; ‘ப-ழமொழி’ எழாது.

இந்நெறிக்கும் வரம்புகள் உண்டு. ‘நூல-கம்’ என்னும் பொருந்தாப் பிரிப்பை இது தடுக்காது. ‘புகை-ரதம்’ போன்ற பொருத்தமான பிரிப்பையோ தடுத்துவிடும். ‘வரலாறு’ போன்ற சொல் பிரிப்பிடமே இன்றி நிற்கும். முதலிரண்டு குறைகளை விதிவிலக்குப் பட்டியலால் களையலாம். மூன்றாவது, குறுகிய பத்திகளில் இடைவெளி விரிவாக வெளிப்படும்.

முடிவுரை

எழுத்தெல்லை நெறி எழுத்தின் வடிவத்தைக் காக்கிறதேயன்றி, படிப்போர் வரியிறுதியில் சொல்லை ஊகிக்கத் துணைசெய்வதில்லை. மொழிமுதல் மரபை விதியாக்குவது, உருபனியல் பகுப்பாய்வி இன்றியே இக்குறையைப் பெரிதும் குறைக்கும். நூற்பக்கங்களுக்கு இந்நெறியையும், செய்தித்தாள் போன்ற குறும்பத்திகளுக்குத் தளர்ந்த எழுத்தெல்லை நெறியையும் வேறுபடுத்திக் கையாள்வதே ஏற்புடையது.