எற்பாடும் வெட்டொளியும்: அரிப்புக் கரையின் நிழற்படங்களை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழிலே கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றுக்கு விமரிசன மரபொன்று வளர்ந்துள்ள அளவிற்கு நிழற்படக்கலைக்கு வளரவில்லை. நிழற்படம் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் கருவி பற்றிய கைந்நூல்களாகவோ கலைஞரைப் பாராட்டும் குறிப்புகளாகவோ அமைந்துவிடுகின்றன. இதனால், ஒரு தொழினுட்பத் தெரிவு எவ்வாறு ஒரு பார்வைத் தெரிவாகவும் ஆகின்றது என்னும் வினா எழுப்பப்படுவது அரிதாகவே உள்ளது. 'பிளாஷ்' எனப் பொதுவழக்கில் வழங்கும் வெட்டொளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். வெளிச்சம் போதாதவிடத்து அதனை இட்டுநிரப்பும் உபாயமாகவே அது கருதப்படுகின்றது. ஆயின், படமெடுப்போர் எடுக்கப்படுவோரை எந்நிலையில் நின்று நோக்குகின்றனர் என்பதையும் அது வெளிப்படுத்திவிடுகின்றது. மன்னார் மாவட்டத்துக் கரையூராகிய அரிப்பை முன்வைத்து இக்கருத்தை ஆராய்வது பயனுடையது.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அருவியாறு கடலொடு கலக்குமிடத்தை அண்டி அமைந்தது அரிப்பு. போர்த்துக்கேயர் கட்டிப் பின்னர் ஒல்லாந்தர் வசமான சிறு கோட்டையொன்று இங்குண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பிவந்து சேர்ந்த இடமும் இதுவே. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்புக் காலத்திலே தங்குவதற்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த 'டொரிக்' மாளிகையின் இடிபாடுகளும் இக்கரையிலேதான் உள்ளன. கடல் கரையை அரித்துவருவதால் அம்மாளிகை சிறிது சிறிதாக வீழ்ந்து வருகின்றது.

இக்கரை மேற்கு நோக்கியது. ஞாயிறு கடலிலே படுவதை ஊரார் நாள்தோறும் காண்கின்றனர். நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தது தமிழ்ப் பொருளிலக்கண மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மாந்தரும் தொழிலும் கருப்பொருள். மாந்தரது உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றனுள் உரிப்பொருளே தலைமையுடையது என்பதும் அம்மரபின் கொள்கை. இவ்வடிப்படையை நிழற்படத்துக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஓர் இடர்ப்பாடு தெளிவாகின்றது.

மனிதக் கண் ஏற்கும் ஒளிவேறுபாடு முழுவதையும் படச்சுருளோ இன்றைய மின்னணு உணரியோ ஏற்பதில்லை. படுஞாயிற்றின் முன்னே நிற்கும் மீனவரைப் படமெடுக்குமிடத்து, வானத்துக்கு ஒளியளவு வைத்தால் அவர் கருநிழலாகின்றார். அவருக்கு ஒளியளவு வைத்தால் வானம் வெளிறிப்போகின்றது. நாட்காட்டிகளிலும் சுற்றுலா ஏடுகளிலும் அடிக்கடி காணப்படும் கடற்கரைப் படங்கள் முதல்வழியையே தெரிந்தெடுக்கின்றன. செவ்வானம், படகின் கரிய வடிவம், வலை சுமந்த ஓர் உருவம் என அவை அமைகின்றன. அவ்வுருவம் முதியவரா இளைஞரா, களைத்திருக்கின்றாரா சிரிக்கின்றாரா என்பது தெரிவதில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் நின்றிருந்தாலும் படம் மாறப்போவதில்லை. முதற்பொருள் பேரழகோடு நிற்க, உரிப்பொருள் அழிந்துவிடுகின்றது. உழைப்பவரை அலங்காரமாக்கும் இவ்வழகியல் மேலோட்டமானது என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இது புதிதாகத் தோன்றிய குறைபாடுமன்று. மன்னார்க் குடாவில் 1905இல் நடைபெற்ற முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1903 முதல் 1906 வரையில் ஹேர்ட்மன் வெளியிட்ட அறிக்கையின் தொகுதிகள் சிப்பியின் உடலமைப்பையும் நோயையும் நுணுக்கமாக ஆராய்ந்தன. அக்காலத்துக் குளிப்பைக் காட்டும் படங்களிலோ படகுகளின் வரிசையும் கரையிற் கூடிய கூட்டமுமே முன்னிற்கின்றன. கல்லைக் காலிற் பிணைத்து மூச்சடக்கிப் பாருக்கு இறங்கியவர் தனி மனிதராக அரிதாகவே தோன்றுகின்றார்.

எனின், வெட்டொளி முகத்தைத் தந்துவிடுமா? தரும், ஆயின் எவ்வகை முகம் என்பதே வினா. 1887இல் ஜேர்மனியில் மக்னீசியம் கலந்த வெட்டொளித் தூள் உருவாக்கப்பட்டது. நியூயோர்க் நகரின் வறியோர் குடியிருப்புகளை உலகறியச் செய்ய அதனைப் பயன்படுத்தினார் பத்திரிகையாளர் யாக்கோப் ரீஸ். 1890இல் வெளிவந்த அவரது நூல் குடியிருப்புச் சீர்திருத்த இயக்கத்துக்கு வலுவூட்டியது. அவ்வகையில் அவர் பணி முற்போக்கானது என்பதை மறுக்கவியலாது. எனினும் அவர் எடுத்த படங்களுள் ஒன்று, ஓர் இரவுக்கு ஐந்து சதம் கொடுத்து நெருங்கிப் படுத்திருப்போரைக் காட்டுகின்றது. உறக்கம் கலைந்து கண்கூசி விழிக்கும் அம்முகங்களில் வறுமை மட்டுமன்றி, அழையாது நுழைந்த ஒளியால் விளைந்த திகைப்பும் பதிந்துள்ளது. உள்ளடக்கம் மக்கள் சார்பானதாயினும் உருவம் அவர்களுக்கு எதிராக நிற்கக்கூடும் என்பதற்கு இப்படம் சான்றாகும். கமராவின் மேலிருந்து நேரே பாயும் வெட்டொளி முகத்தின் மேடுபள்ளங்களை அழித்துத் தட்டையாக்குகின்றது, வியர்வையை வெண்புள்ளியாக்குகின்றது, பின்னணியை இருளில் தள்ளி ஆளைக் குற்றவாளிபோல நிறுத்துகின்றது.

அரிப்பு போன்ற ஊர்களில் இது வெறும் அழகியற் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. போர்க்காலத்திலே சோதனைச் சாவடிகளிலும் சுற்றிவளைப்புகளிலும் முகத்தில் 'டோர்ச்' வெளிச்சம் பாய்ச்சப்பட்டுப் பெயர் கேட்கப்பட்ட அனுபவம் வடபுலத்தாருக்குப் புதிதன்று. 2007இற் சிலாவத்துறைப் பகுதியில் நடைபெற்ற இராணுவ நடவடிக்கையின்போது அரிப்பை உள்ளிட்ட ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். இவ்வாறான வரலாற்றையுடைய மக்களின் முகத்தை நோக்கி முன்னறிவிப்பின்றி ஒளியைப் பாய்ச்சுவது ஒருபோதும் நடுநிலையான செயலாகாது. எனவே கருநிழலாக்கி மறைப்பதும் கண்கூச வைத்து வெளிப்படுத்துவதும் ஆகிய இரண்டையும் தவிர்க்கும் மூன்றாவது வழியொன்று வேண்டப்படுகின்றது. வெட்டொளியை ஆக்கபூர்வமாகப் பயன்படுத்துவது என்பதன் உண்மைப் பொருள் இதுவே.

அவ்வழிக்குத் தொழினுட்பம் இடந்தருகின்றது. வெட்டொளியுடன் எடுக்கப்படும் ஒரு படம் உண்மையில் இரு படங்கள் ஒன்றன்மேலொன்றாகப் பதிந்ததாகும். வெட்டொளி 1/1000 செக்கனுக்கும் குறைவாகவே பெரும்பாலும் நீடிக்கின்றது. ஆதலால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருப்பினும் அதன் அளவு மாறுவதில்லை. வானத்தின் ஒளியோ ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். வில்லைத் துவாரம் இரண்டையும் ஒருங்கே கட்டுப்படுத்துகின்றது. ஆகவே துவாரத்தை வெட்டொளிக்கும் ஷட்டரை வானத்துக்கும் பொருத்திவிட்டால், எற்பாட்டை அதன் நிறத்தோடு வைத்துக்கொண்டே முகத்தையும் பெறலாம். பெரும்பாலான கமராக்களில் ஷட்டரின் வேகம் 1/60 முதல் 1/250 செக்கன் வரையிலான ஓர் எல்லையைக் கடக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியின் கணக்கோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நுண்ணுணர்வு தொடங்குவது அங்கேதான். வெட்டொளியின் நிறம் நண்பகல் வெயிலை ஒத்தது. அந்திவானத்தின் முன்னே அது நீலம்பாரித்த முகத்தைத் தரும். செம்மஞ்சள் நிறத் தாளொன்றை விளக்கின்மேல் வைத்தால் அவ்வேறுபாடு தணியும். விளக்கைக் கமராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டிற் சற்று உயரத்திற் பிடித்து, வெள்ளைத் துணியொன்றினூடாகச் செலுத்தினால் கன்னத்தின் சுருக்கமும் தோளின் திரட்சியும் நிழலோடு கூடி வெளிப்படும். வெட்டொளியின் வலிமையை வானத்தின் ஒளியினும் ஒருபடி குறைத்தே வைத்தல் நன்று. அப்போது பார்ப்போர் முகத்தைக் காண்பர், விளக்கைக் காணார். மேலும், விளக்கைப் பிரித்து வைப்பதற்கு நேரம் வேண்டும். எடுக்கப்படுபவர் ஓரிடத்தில் நின்று ஒத்துழைக்க வேண்டும். அதாவது, சம்மதமின்றி இத்தகைய படத்தை எடுப்பது கடினம். கலைச்சிறப்பும் அறமும் இவ்விடத்து ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

தொழிலைக் காட்டுவதற்கும் இம்முறை உதவும். ஆழமற்ற நீரில் நின்று வீச்சுவலை எறிபவரை 1/15 செக்கன் வேகத்தில் எடுத்தால் வலையின் அசைவு புகைபோலப் பதியும். ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்னர் வெட்டொளி எரியுமாறு அமைத்தால், கையின் இறுதி நிலையும் நீர்த்துளிகளும் கூர்மையாக நிலைக்கும். கை கடந்துவந்த வழி அதற்குப் பின்னே தடமாக நீளும். உழைப்பு ஒரு நிலையன்று, ஓர் இயக்கம் என்பதை ஒரே சட்டகத்துள் உணர்த்த இதனினும் பொருத்தமான உத்தி அரிது.

தூரம் இரட்டித்தால் ஒளி நான்கிலொரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல் விதி. எனவே ஒரே வெட்டொளியால் டொரிக் மாளிகையை முழுமையாக ஒளியூட்ட முடியாது. ஆயின் கமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, இருளிலே சுவருக்குச் சுவர் நடந்து சிறு விளக்கைப் பலமுறை எரித்தால், சிதைந்த அறைகள் ஒவ்வொன்றாக உள்ளிருந்து ஒளிபெறும். ஓலைச் சூளைக் கொளுத்திக் கரைநீரில் மீன்தேடும் வழக்கத்தை ஈழத்துக் கரையோரத்தார் அறிவர். சூள் கடல் முழுவதையும் காட்ட முயல்வதில்லை. காலடியில் வேண்டிய வட்டத்தை மட்டுமே காட்டுகின்றது. தேசாதிபதியின் மாளிகையை அத்தகைய சிறு வட்டங்களாற் காண்பது அதன் அதிகாரத் தோற்றத்தை மீண்டும் எழுப்பாது, அதன் சிதைவை நேர்மையாகப் பதிவுசெய்யும் வழியுமாகும்.

கடலுக்கடியில் வெட்டொளிக்கு வேறொரு பணியுண்டு. 1893இற் பிரான்சில் லூயி பூத்தான் மக்னீசிய ஒளியைக் கொண்டு நீருக்கடியிற் படமெடுக்க முயன்றார். பின்னர் ஹரல்ட் எட்ஜேர்ட்டனின் மின்னணு வெட்டொளி அப்பணியை இலகுவாக்கியது. நீர் சிவப்பொளியை முதலில் உறிஞ்சுவதால் முத்துப்பார்களின் ஆழத்திற் கண்ணுக்கு எல்லாம் நீலமாகவும் பச்சையாகவுமே தோன்றும். அருகிலிருந்து எரியும் வெட்டொளி மறைந்த செந்நிறங்களை மீட்டுத் தருகின்றது. அங்கு அது இல்லாததைச் சேர்க்கவில்லை; பொருளுக்கு உரிய நிறத்தைப் பொருளுக்கே திருப்பிக் கொடுக்கின்றது.

இயற்கை ஒளியே நேர்மையானது, வெட்டொளி செயற்கையானது என்னும் வாதம் நிழற்பட உலகில் வலுவானது. பிரெஞ்சுக் கலைஞர் கார்ட்டியே-பிரெசோன் வெட்டொளியைத் தவிர்த்தமை நன்கறியப்பட்டது. திடீரெனப் பாயும் ஒளி சூழலின் இயல்பைக் குலைக்கும் என்னும் அளவில் அவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆயின் இயற்கை ஒளியும் எல்லாரையும் ஒன்றுபோலக் காட்டுவதில்லை என்பதை அது கவனிக்கத் தவறுகின்றது. மேற்கு நோக்கிய கரையிலே மாலையில் உழைப்பவருக்கு அவ்வொளி கருநிழலையே வழங்குகின்றது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் யாவரும் படமெடுக்கின்றனர். அதன் சிறு விளக்கை முகத்துக்கு நேரே ஏற்றுவதும், செவ்வானத்தின் முன் ஆளைக் கரியுருவாக்குவதும் எளிதிற் பரவிய வழக்கங்களாகிவிட்டன. ஆதலால் இவ்விவாதம் தொழின்முறைக் கலைஞருக்கு மட்டும் உரியதன்று.

அரிப்பின் கரையிலிருந்து வரும் ஒரு படத்தை மதிப்பிடுவோர் வானத்தின் நிறத்தை வியப்பதற்கு முன்னர் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். அங்கு நிற்பவருக்கு முகம் உண்டா? அம்முகத்தின்மேல் விழும் ஒளி அவர் அறிந்து ஏற்ற ஒளியா? அவ்வொளி அவரைச் சூழ்ந்த எற்பாட்டைக் கொல்லாது விட்டிருக்கின்றதா? இம்மூன்றுக்கும் ஆமென விடைதரும் படங்கள் பெருகுமாயின், முத்துக்கும் இடிபாட்டுக்குமாக அறியப்பட்ட இக்கரை அங்கு வாழும் மக்களுக்காகவும் அறியப்படும்.